கிரானைட்டில் ஏறாத டைமண்ட் பிளேடு: கெட்டியானது வாங்கவா?

படிக்கட்டு:
20 மி.மீ. கிரானைட் பலகையில் சிங்க்குக்கு ஓட்டை வெட்டுகிறேன். மார்பிள் கட்டர், 110 மி.மீ. செக்மென்ட் பிளேடு (விளிம்பு இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இருப்பது). அட்டையில் ‘கான்கிரீட், செங்கல்’ என்று போட்டிருக்கிறது. முதலில் நன்றாக இறங்கியது. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பொறியும் புகையும்தான். பிளேடோ தேயவே இல்லை, புதிது மாதிரியே இருக்கிறது. போலிச் சரக்கா? இதைவிடக் கெட்டியானதாக வாங்கட்டுமா?

கல்லுளி:
தேயாததுதான் உங்கள் பிரச்சினையே. கெட்டியானது வாங்கினால் இன்னும் மோசமாகும்.

வெட்டுவது எஃகுத் தட்டு இல்லை, செக்மென்ட்டில் புதைந்திருக்கும் வைரத் துகள்கள். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் உலோகக் கலவைதான் பாண்ட். மேலே உள்ள துகள் மழுங்கியதும் பாண்ட் தேய்ந்து அதை உதிர்த்துவிட வேண்டும், அடியில் இருக்கும் புதுத் துகள் வெளியே வர வேண்டும். கிரானைட் தூள் மாவு போல நைசானது, பாண்டை அவ்வளவாக அரிக்காது. அதனால் கிரானைட்டுக்கு மென்மையான பாண்ட். செங்கல், தார், இன்னும் இறுகாத புதுக் கான்கிரீட் எல்லாம் மணலாக உதிர்ந்து பாண்டை அரித்துத் தள்ளும், அதற்குத்தான் கடினமான பாண்ட். தலைகீழாகத் தெரியும், கடைக்காரர்களே பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் மழுங்கிவிட்டது. கரடான செங்கல்லில் மேலாகச் சில தடவை ஓட்டினால் துகள் வெளியே வரும். ஆனால் கிரானைட்டில் மறுபடி மழுங்கும், ‘கிரானைட்’ என்று போட்டதையே வாங்குங்கள்.

இன்னொன்று, சிங்க் மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டுக்கொள்ளுங்கள். கூர் மூலையாக விட்டால் அங்கிருந்துதான் கல் விரிசல் விடும்.

தரைவேலை:
டைல்ஸுக்கு இந்தப் பிளேடை எடுத்துவிடாதீர்கள். ஓரமெல்லாம் சில்லு சில்லாகப் பெயரும். இடைவெளி இல்லாத முழு விளிம்புப் பிளேடு, தண்ணீர் விட்டு. டர்போ (விளிம்பு அலையலையாக வரிபோட்டிருக்கும் பிளேடு) கொஞ்சம் வேகமாக வெட்டும், ஓரம் அவ்வளவு சுத்தமாக வராது.

படிக்கட்டு:
செங்கல்லில் ஓட்டினேன், வெட்டுகிறது! கிரானைட் பிளேடும் வாங்கிவிடுகிறேன். தண்ணீர் இல்லாமல் வெட்டலாமா? பெரிய பிளேடு மாட்டினால் ஆழம் கிடைக்குமே? அடுத்து கான்கிரீட் வெட்டும்போது கம்பி வந்தால்?

கல்லுளி:
உலர்வெட்டுக்கு என்று போட்டிருந்தால் மட்டும் தண்ணீர் இல்லாமல். லேசர் வெல்டிங் செய்த செக்மென்ட் சூட்டைத் தாங்கும், பற்றாசு வைத்து ஒட்டியது என்றால் சூட்டில் பற்றாசு உருகி செக்மென்ட் பிய்த்துக்கொண்டு பறக்கும். உலர்வெட்டிலும் ஒரே மூச்சில் முழு ஆழம் இறக்காதீர்கள். நாலைந்து மி.மீ. வெட்டி, வெளியே எடுத்துக் காற்றில் சுழலவிட்டு ஆறவையுங்கள். நான் முடிந்தவரை தண்ணீர்தான். சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கைக்குட்டை கட்டுவதெல்லாம் கணக்கில் வராது, தூசுக்கான சுவாசக் கவசம் போடுங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்வதால் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இல்லாத பிளக்கில் மாட்டாதீர்கள்.

பெரிய பிளேடு வேண்டவே வேண்டாம். கவர் கழற்ற வேண்டிவரும், வேகமும் ஒத்துவராது. பெரும்பாலான பிளேடுகளுக்கு விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர்தான் எல்லை. 125 மி.மீ. என்றால் சுமார் 12,200 ஆர்பிஎம், 230 மி.மீ. என்றால் சுமார் 6,600தான்.

கம்பி வந்தால் அழுத்தாமல் மெதுவாக விடுங்கள். சூட்டில் இரும்பு வைரத்தைத் தின்றுவிடும். கம்பி நிறைய இருக்கும் என்று தெரிந்தால் கம்பியோடு சேர்த்து வெட்டும் கான்கிரீட்டுக்கென்று தனிப் பிளேடே இருக்கிறது, அதைக் கேளுங்கள்.