கீழத்தெரு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

செல்வி அக்கா, காலை 6:40
அப்பாவுக்கு வலது கண்ணுல ராத்திரியிலேர்ந்து நூலாம்படையா தொங்குதாம். எதிர்ல நிக்கிறது யாருன்னே தெரியலங்குறாரு. வலி இல்ல.

வசந்தா அத்தை, 6:52
சூடுதாண்டி. நந்தியாவட்டைப் பூவ கண்ணுல ஒத்தி எடு. விளக்கெண்ணெயும் ரெண்டு சொட்டு வுடு.

மீனா (தஞ்சாவூர்), 7:05
அத்தை, ஒண்ணும் விட வேணாம்! அக்கா, மாமாவோட சர்க்கரையால வைகாசியில கண்ணுல லேசர் வெச்சாங்களே, அடுத்த தவணைக்கு மாமா போனாரா?

செல்வி அக்கா, 7:09
எங்க போனாரு. "சுட்டு வுட்டானுவோ, பார்வை கூடல, ராத்திரியில வரப்பு முன்னைவிட மங்கலா தெரியுது"ன்னாரு. அப்புறம் குறுவை நடவு வந்துருச்சு.

மீனா (தஞ்சாவூர்), 7:21
லேசர் பார்வையக் கூட்டுறதுக்கு இல்லக்கா. இருக்குறத காப்பாத்தத்தான். சர்க்கரையால, கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்குற விழித்திரையோட ஓரத்துல ரத்த ஓட்டம் நின்னுடும். ஆத்துத் தண்ணி வந்து சேராத நம்மூரு கடைமடை மாதிரின்னு வெச்சுக்குங்க. அது காய்ஞ்சு போயி புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைக்க வைக்கும். அதெல்லாம் பலமில்லாத குழாய், ஒடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம். அதான் நூலாம்படை. லேசர்ல ஓரத்தச் சுட்டு, அந்த முளைப்ப அடக்கி, நடுப்பார்வைய மிச்சம் பண்றாங்க. ராத்திரிப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையும், நெசந்தான்.

ராஜா சித்தப்பா, 7:26
ஆக கடைமடைக்காரன் கதி கண்ணுக்குள்ளயும் இதானா 😄

மீனா (தஞ்சாவூர்), 7:27
சிரிக்காதீங்க சித்தப்பா. அக்கா, இன்னைக்கே கெளம்புங்க. அதுவரைக்கும் ரெண்டு மூணு தலகாணி வெச்சு சாய்ஞ்சு இருக்கட்டும், ரத்தம் கீழ இறங்கும்.

செல்வி அக்கா, மாலை 5:48
பாத்தாச்சு. ரத்தம் மறைக்கிறதால உள்ள தெரியல, ஸ்கேன் எடுத்தாங்க. தழும்பு மாதிரி சவ்வு வளந்து விழித்திரைய இழுக்குதாம். கண்ணுக்குள்ள இருக்குற ரத்தத்தையும் சவ்வையும் எடுக்க விட்ரெக்டமின்னு ஒரு ஆபரேஷன் பண்ணணுமாம். ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடி கண்ணுல ஊசி போடுவாங்களாம். ஈசிஜி, கிட்னி டெஸ்ட் எழுதியிருக்காங்க. இடது கண்ணுக்கு இன்னைக்கே லேசர் ஆரம்பிச்சுட்டாங்க.

மீனா (தஞ்சாவூர்), 5:55
இடது கண்ணு முக்கியம்க்கா. முழுசா 1200, 1500 லேசர் புள்ளி வரைக்கும் வெப்பாங்க, ரெண்டு மூணு தவணை ஆகும். இந்தத் தடவ அறுவடை கிறுவடைன்னு வுட்றாதீங்க.

குமார் (மஸ்கட்), 6:30
மார்கழியில அப்பாவ இங்க அழைச்சுட்டு வர டிக்கெட் போட்டுட்டேனே?

மீனா (தஞ்சாவூர்), 6:34
ஆபரேஷன் முடிச்சு, விழித்திரைய அழுத்திப் புடிக்க கண்ணுக்குள்ள கேஸ் வெச்சாங்கன்னா அது கரையுற வரைக்கும் பிளைட் ஏறவே கூடாது அத்தான். மேல போனா கேஸ் விரிஞ்சு கண்ணு அழுத்தம் ஏறிடும். கேஸுக்குப் பதிலா சிலிக்கான் எண்ணெய் வெச்சா அந்தத் தொல்லை இல்ல, ஆனா சில மாசம் கழிச்சு எடுக்க இன்னொரு ஆபரேஷன். எது வெச்சாலும் சில நாள் குப்புறப் படுக்கச் சொல்லலாம்.

செல்வி அக்கா, 6:36
குப்புறவா! அவரு திண்ணையில மல்லாந்தாத்தான் தூங்குவாரு 🤦

குமார் (மஸ்கட்), 6:41
டிக்கெட்ட தள்ளி வெக்கிறேன். அக்கா, பணம் எவ்ளோன்னு தனியா சொல்லு.

வசந்தா அத்தை, 7:10
முழுப் பார்வையும் திரும்பிடுமா மீனா?

மீனா (தஞ்சாவூர்), 7:13
ரத்தம் போனா வெளிச்சம் வரும் அத்தை. எவ்ளோங்கிறது உள்ள விழித்திரை எவ்ளோ பிழைச்சிருக்குங்கிறதப் பொறுத்தது. இப்பவே உறுதியா சொல்ல முடியாது.

ராஜா சித்தப்பா, 9:02
மீனா, எனக்கும் 11 வருஷமா சர்க்கரை. கண்ணு நல்லாத்தான் தெரியுது.

மீனா (தஞ்சாவூர்), 9:03
போன வாரம் வரைக்கும் மாமாவுக்கும் கண்ணு தெரிஞ்சுதுதானே? நாளைக்கு வாங்க. கண்ணுல மருந்து விட்டுப் பாப்பாங்க, நாலஞ்சு மணி நேரம் கூசும். பைக் வேணாம்.

ராஜா சித்தப்பா, 9:10
மொத பஸ்ஸுல வர்றேன்.