ஒரே குளத்தை வருஷம் முழுக்கக் கவனிக்க: எதைக் குறிக்கணும், எப்படிக் குறிக்கணும்?

பாமணிக்கரை (கேள்வி)

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊர்க்குளம், ஒன்றரை ஏக்கர் இருக்கும். பாமணியாற்று வாய்க்காலிலிருந்து மதகு வழியா தண்ணி வருது. கிழக்குக் கரையில் படித்துறை, பக்கத்தில் ரெண்டு புங்கமரம், ஒரு இலுப்பை. தென்கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் சம்பும். மேற்கே வயல். இந்த ஒரு இடம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுதுன்னு தொடர்ந்து பதிவு செய்யணும். கைவசம் செல்போன், நோட்டு, சாதாரண பைனாகுலர், அவ்வளவுதான்.

வாரத்துக்கு எத்தனை தடவை போகணும்? போட்டோவை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுற மாதிரி எடுப்பது எப்படி? கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினா நோட்டு நிரம்புது, ஆனா "இந்த வருஷம் பறவை சீக்கிரம் வந்துச்சா"ன்னு கேட்டா அதிலிருந்து பதில் எடுக்க முடியாது போல. எதை எழுதணும், எதை விடலாம்?

மதகடி

வாரம் ஒரு தடவை போதும் தம்பி. ஆனா அதே கிழமை, அதே நேரம். நினைச்சப்போ பத்துத் தடவை போறதைவிட இதுதான் உதவும்.

அடுத்தது, நம்ம பக்கம் குளத்தை மாத்துறது மழை மட்டும் இல்ல, மேட்டூர் அணையும்தான். வழக்கமான திறப்பு ஜூன் 12. ஆனா 2022-ல் மே 24-லேயே திறந்துட்டாங்க, 2024-ல் ஜூலை 28 வரைக்கும் இழுத்துச்சு. அங்கே திறந்த தண்ணி கல்லணை, வெண்ணாறு, கிளையாறு, வாய்க்கால்னு இறங்கி உங்க மதகுக்கு வர நாள் ஆகும். ஜூன் கடைசியில் ஒரு வருஷம் குளத்தில் தண்ணி நிக்கும், இன்னொரு வருஷம் சேறு வெடிச்சுக் கிடக்கும். தேதிக்குத் தேதி ஒப்பிட்டா "தாழைக்கோழி குறைஞ்சுபோச்சு"ன்னு எழுதி வைப்பீங்க. குறைஞ்சது கோழி இல்ல, தண்ணி.

அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் நாலு விஷயம் கட்டாயம்: தேதி (தமிழ் மாசமும் சேர்த்து), மதகில் தண்ணி வருதா நின்னுபோச்சா, போன ஏழு நாள் மழை, பக்கத்து வயலின் நிலை. வயல்னா நாற்றங்காலா, நடவா, கதிரா, அறுப்பா, உளுந்தான்னு ஒரு வார்த்தை போதும். மதகில் முதல் தண்ணி வந்த நாளைத் தனியா வட்டம் போட்டு வைங்க. அப்புறம் "ஜூலை 10" கூடவே "தண்ணி வந்து 18-வது நாள்"னும் எழுதுங்க. வருஷத்தோடு வருஷம் ஒப்பிட இந்த ரெண்டாவது கணக்குதான் பல நேரம் கைகொடுக்கும்.

நீர்மட்டத்துக்கு ஆழம் அளக்க வேண்டாம். தூர் வாரினா அடி மாறும், போன வருஷக் கணக்கு வீண். படித்துறையின் மேல்படியிலிருந்து தண்ணி எத்தனை செ.மீ. கீழே இருக்குன்னு அளங்க. மேல்படி அசையாது. கோடையில் வெயிலும் கசிவும் சேர்ந்து நாளைக்கு ஒரு செ.மீ. வாக்கில் இறங்கும். ரெண்டு நாளில் இருபது செ.மீ. இறங்கினா அது கோடை இல்ல, யாரோ மோட்டார் போட்டிருக்காங்க.

மழைமானி கடையில் வாங்கணும்னு இல்ல. வாய் 16 செ.மீ. விட்டமுள்ள புனலை ஒரு கேனில் இறுக்கிப் பொருத்துங்க. அந்த வாயின் பரப்பு சுமார் 201 சதுர செ.மீ., அதனால விழுந்த தண்ணியில் 20 மி.லி.க்கு ஒரு மி.மீ. மழை. ஒரு லிட்டர் பாட்டில் வைக்காதீங்க, 50 மி.மீ.யில் நிரம்பி வழியும், ஐப்பசியில் அது ஒரே ராத்திரிக் கணக்கு. அஞ்சு லிட்டர் கேன்தான் சரி. மரத்தடியில் வைக்கக் கூடாது, மரத்தின் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி வெட்டவெளியில் இருக்கணும். தினமும் காலை 8.30-க்கு அளந்தா வானிலைத் துறைக் கணக்கோடு நேரா ஒப்பிடலாம்.

கரைமேடு

படம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் ஓரத்தில் நின்று எடுக்காதீர்கள். ஓரம் இறங்க இறங்க நீங்களும் இறங்குவீர்கள், இரண்டு படமும் இரண்டு இடமாகிவிடும். படித்துறைக் கைப்பிடிச் சுவரில் பெயின்ட் குறி வைத்து, போனை அதன் மேலேயே படுக்கைவாக்கில் ஊன்றி எடுங்கள். உங்கள் படித்துறை கிழக்குக் கரையில் இருப்பது நல்லது: காலையில் மேற்கே பார்த்து எடுத்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் மூட்டம் கலையத் தாமதமாகும், அதனால் வருடம் முழுவதற்கும் 9 மணி என்றே வைத்துவிடுங்கள்.

1x லென்ஸ் மட்டும். 0.5-க்கு ஒரு வாரம் மாறினாலும் அந்தப் படத்தை மற்றவற்றோடு பொருத்த முடியாது. திரையில் கட்டக்கோட்டைப் போட்டு, அசையாத ஒரு பொருளை, மதகுச் சுவரோ மின்கம்பமோ, எப்போதும் அதே கோட்டில் நிறுத்துங்கள். தென்னையை அடையாளமாக நம்ப வேண்டாம். 2018 நவம்பர் கஜா புயலில் உங்கள் மாவட்டத்தில் எத்தனை தென்னை சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

குளத்தின் முழுத் தோற்றம் ஒன்று, தென்கரைச் சம்புப் புதர் ஒன்று, புங்கத்தின் ஒரே கிளை ஒன்று. மூன்று போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் உள்ளிருந்து அழிந்துவிடும். மூலப் படத்தையே 2025-10-14 என்று வருடம் முன்னால் வரும்படி பெயரிட்டு வையுங்கள், கணினி தானாகவே வரிசைப்படுத்தும்.

புங்கநிழல்

மரமும் பறவையும் என் பங்கு.

மூணு மரத்துக்கும் தனித்தனிப் பேர் வைங்க: பு1, பு2, இ1. "புங்கம் துளிர்விட்டது"ன்னு பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்ல, பக்கத்துப் பக்கத்துப் புங்கமே வார வித்தியாசத்தில் துளிர்க்கும். தளிர், முற்றின இலை, பழுப்பு, மொட்டு, பூ, காய் ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2: இல்லை, கொஞ்சம், நிறைய. மரத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல இருந்தா 2. புங்கமும் இலுப்பையும் மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்த்துப் புதுசா துளிர்க்கும். அப்போ மட்டும் வாரம் ரெண்டு தடவை பாருங்க, தளிர் பளபளப்பு போய் முற்ற நாள் அதிகம் ஆகாது. சித்திரையில் படித்துறையில் பொரி இறைச்ச மாதிரி பூ கொட்டிக் கிடக்கும். தரையில் கிடக்கிறதை வச்சு மதிப்பெண் போடாதீங்க, மரத்தைப் பார்த்துப் போடுங்க. தழை உரத்துக்குக் கிளை கழிச்சா மரம் காலம் தப்பித் துளிர்விடும், வெட்டின தேதியை அவசியம் குறிங்க.

பறவைக்கு ஒரே இடத்தில் இருபது நிமிஷம், விடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள். எழுத வேண்டிய பறவைகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் பதினைஞ்சுக்குள் நிறுத்துங்க. ஒவ்வொரு வாரமும் அந்தப் பதினைஞ்சுக்கும் எண் இருக்கணும், இல்லாட்டி 0. வெற்றுக் கட்டம் விட்டா "வரலையா, நான் பார்க்கலையா"ன்னு பின்னால தெரியாது. நீங்க கேட்ட "சீக்கிரம் வந்துச்சா"வுக்குப் பதில் அந்த 0-க்களில்தான் இருக்கு: கடைசி 0-க்கும் முதல் 1-க்கும் நடுவில்தான் வருகை நாள்.

ஆவணி, புரட்டாசியிலேயே மின்கம்பியில் தகைவிலான் வந்துடும், வரப்பில் உள்ளான். வாத்துகளில் நீலச்சிறகி முந்திக்கொள்ளும். நீளவால் இலைக்கோழி இனப்பெருக்கப் பருவத்தில் நீண்ட வாலோட இருக்கும், குளிர்காலத்தில் வால் போய்ப் பழுப்பாகிடும். ரெண்டையும் வேற வேற பறவையா எண்ணிடாதீங்க. மடையானும் அப்படித்தான், சேற்று நிறம் போய் முதுகு செங்கருப்பாகும்போது "இனப்பெருக்கக் கோலம்"னு குறிங்க.

தூக்கணாங்குருவிக் கூட்டை மொத்தமா எண்ணக் கூடாது. பாதியில் நிக்கிற தொப்பி நிலை எத்தனை, குழல் இறங்கின முழுக்கூடு எத்தனைன்னு பிரிங்க. ஆண் தொப்பி வரைக்கும் பின்னிட்டுப் பெண்ணுக்காகக் காத்திருக்கும், பெண் ஏத்துக்கிட்டாதான் குழல் இறங்கும். நெல்லிலையைக் கிழிச்சுப் பின்னுறதால இதையும் வயல் நிலையோடு சேர்த்துப் படிக்கணும்.

பாமணிக்கரை

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம்: குளம் மீன் ஏலத்துக்குப் போகும். பங்குனி கடைசியில் தண்ணியை இறைச்சுடுவாங்க, அப்போ ஒரே நாளில் நூறு கொக்கு, நாரை வந்து இறங்கும். அதைச் சேர்க்கலாமா?

மதகடி

சேருங்க, ஆனா "ஏலம், இறைப்பு"ன்னு பக்கத்தில் எழுதுங்க. சராசரி போடும்போது அந்த வாரத்தை ஒதுக்கிடுங்க, இல்லாட்டி பங்குனிதான் கொக்குப் பருவம்னு வரைபடம் காட்டும். ஆகாயத்தாமரையை அள்ளினது, வாத்துக்காரங்க மந்தை இறக்கினது, நூறுநாள் வேலையில் கரை சீவினது எல்லாத்துக்கும் இதே முறைதான்.

புங்கநிழல்

இறைச்ச பிறகு தரை காஞ்சதும் ஆள்காட்டி வந்து வெடிப்புக்கு நடுவிலேயே முட்டை வைக்கும். கூடெல்லாம் கிடையாது, நாலு முட்டை மண்கட்டி நிறத்தில் கிடக்கும். கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்தினா அங்கேயே நின்னுடுங்க, அடுத்த அடியில் முட்டை இருக்கலாம். கரையிலிருந்தே பைனாகுலரில் பாருங்க, கூட்டின் படத்தையோ இடத்தையோ எங்கேயும் போடாதீங்க. அங்கே மதகுத் தண்ணி எட்டின தேதியையும், அதுக்குள்ள குஞ்சு வெளியேறிடுச்சான்னும் குறிச்சு வைங்க. பொதுவா 26 முதல் 30 நாள் அடைகாக்கும், குஞ்சு பொரிச்ச உடனே நடக்கும்.

இன்னொண்ணு, பொங்கல் நாலு நாளில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்குது. உங்க இருபது நிமிஷப் பட்டியலை அப்படியே இ-பேர்டில் (eBird, பறவைப் பட்டியல் பதியுற இணையதளம்) ஏத்தலாம். அப்போ மட்டும் பதினைஞ்சோட நிறுத்தாம, அடையாளம் தெரிஞ்ச எல்லாப் பறவையையும் போட்டு, "முழுப் பட்டியலா"ன்னு கேக்கும் இடத்தில் ஆம்னு குடுங்க.