இளையோர் ஃபேண்டஸி நாவல்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

ரோஸ்ஹில் வாசகி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 'லா பாஸ் மிருவார்' என்கிற பிரெஞ்சு ஃபேண்டஸி தொடரின் நான்கு பாகமும் இங்கே பலர் படித்திருப்பீர்கள். அதன் முக்கியப் பாத்திரங்களான ஒஃபேலி யார், தோர்ன் யார் என்று விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

நம் மொரீஷியஸில், க்யூர்பிப் ஊருக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். கையில் நான்காம் பாகம். அவள் படித்த வேகத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. முடிய இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் இருக்கும். திடீரென்று படிப்பதை நிறுத்தினாள். தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, புத்தகத்தைச் சுற்றி இரண்டு சுற்றாகப் போட்டு, பைக்குள் வைத்துவிட்டாள்.

"முடிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "முடிவு நல்லா இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி. இதுவரைக்கும் பிடிச்சிருக்கு, இதோட நிறுத்திக்கிறேன்" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அது ஆறவே இல்லை. கிறிஸ்டெல் தபோஸ் முதல் பாகத்தை 2013இல் கொண்டுவந்தார், கடைசிப் பாகம் 2019இல். அத்தனை ஆண்டுகள் ஒரு கதையைச் சுமந்தவர் முடிவைச் சும்மா எழுதியிருப்பாரா? அந்த உலகத்தில் கண்ணாடி வழியாகப் போக வேண்டுமென்றால் தன் முகத்தைத் தானே நேருக்கு நேர் பார்க்கும் துணிச்சல் வேண்டும். தன்னிடமே பொய் சொல்கிறவளுக்குக் கண்ணாடி வழிவிடாது. முதல் பாகத்திலேயே இப்படி ஒரு விதியை வைத்தவர், கடைசியில் எல்லாருக்கும் மாலை போட்டு அனுப்பினால்தான் வாசகரை ஏமாற்றியிருப்பார். எதையாவது இழக்காமல் மாயம் நடக்கிற புத்தகம் என் மனதில் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. பெரிய எழுத்தாளர், சின்ன எழுத்தாளர் என்றெல்லாம் இதில் வித்தியாசம் கிடையாது.

உங்களுக்கும் இப்படி ஒரு புத்தகத்தால், ஒரு வாசகரால் மனதில் தங்கிப்போன சந்திப்பு இருந்தால் எழுதுங்கள்.

கத்ர் போர்ன் அண்ணன்:

அந்தப் பெண் செய்தது சரி என்பேன். புத்தகம் அவளுடையது, நேரமும் அவளுடையது. அவள் எங்கே நிறுத்தினால் நமக்கென்ன?

என் அக்கா மகள் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அந்த மாதிரி நாவல்கள் நூறு இருக்கின்றன. கதாநாயகி ராஜ்ஜியத்தையே காப்பாற்ற வேண்டியவள். நடுவில் இரண்டு பையன்கள், ஒருவன் அமைதி, ஒருவன் முரடன். முந்நூறு பக்கமாக அவள் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்பதே கதை. போர் பின்னாலேயே காத்துக்கொண்டிருக்கிறது. என் அக்கா மகள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைத் தொப்பென்று போட்டு, "மாமா, இவளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்தினாள். அவளுக்கு அப்போது வயது பதின்மூன்று. அவள் கோபம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. தொடர் விற்க வேண்டும் என்பதற்காக ஒரு பாகத்துக்குரிய கதையை மூன்றாக இழுக்கிறார்கள். மாயம் நடக்க எதையாவது இழக்க வேண்டும், விலை கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்கிறீர்கள். இப்போதைக்கு விலை கொடுப்பது வாங்குகிற நாம்தான்.

மாஎபூர் கரையோரன்:

அண்ணா, முக்கோணக் காதலை வைத்து மொத்த வகையையும் அளக்காதீர்கள்.

எனக்கு உர்சுலா லெ குவினின் எர்த்சீ ஃபேண்டஸி தொடர். 1968இல் வந்த முதல் புத்தகம். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதி, அட்டையில் வெளுத்த முகத்தோடு ஒரு பையன். உள்ளே படித்தால் கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கே இருக்கிற, படையெடுத்து வருகிற கார்க் நாட்டு ஆட்கள். எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அட்டை போட்டவர்கள் படிக்கவில்லையா, படித்தும் பொருட்படுத்தவில்லையா என்று தெரியவில்லை.

என் மகளுக்கு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கெட்டின் நிறம் வருகிற இடத்தில் "நிறுத்துங்கப்பா" என்றாள். புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பழுப்புக் கலர் பென்சில் எடுத்து வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த முகம் முழுக்கத் தீட்டினாள். பளபளப்பு அட்டையில் கலர் ஒட்டவில்லை. அழுத்தி அழுத்தித் தீட்டினாள், அட்டை கீறிப்போய்விட்டது. "இப்ப சரி, படிங்க" என்றாள்.

2004இல் அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது கெட் வேடத்துக்கு வெள்ளைக்கார நடிகரைத்தான் போட்டார்கள். லெ குவின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். இந்தத் தீவில் எல்லா நிறத்திலும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஃப்ளாக் தோட்டத்து வீடு:

தம்பி, அட்டை மாறினால் போதுமா? கதையே வேறு ஊருடையதுதானே.

1994 பிப்ரவரி, ஹொலாண்டா புயல் அடித்த பிறகு என்ன நடந்தது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, ஊரே இருட்டு. அப்போதுதான் தூனி மின்வி பேச்சு கிளம்பியது. உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு நள்ளிரவில் கூரைக்குக் கூரை தாவுகிற ஓநாய் மனிதன். ஆண்கள் கட்டையோடு ராக்காவல் இருந்தார்கள். நான் சின்னப் பையன். ஒரு ராத்திரி எங்கள் தகரக் கூரை மேல் தடதடவென்று சத்தம். பாட்டி என்னைப் பாய்க்குள் சுருட்டி, மேலே தானும் படுத்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று என் காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டதை என் முதுகில் உணர்ந்தேன். பாட்டி பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எந்த டிராகன் நாவலும் எனக்கு அந்தப் பயத்தைத் தந்ததில்லை. நம் பிள்ளைகளுக்குப் பனிமலைக் கோட்டை எதற்கு? மோர்ன் மலையில் தப்பி ஒளிந்த அடிமைகளின் கதை இருக்கிறது, கரும்புத் தோட்டம் இருக்கிறது, கூரை மேல் ஓநாய் மனிதன் இருக்கிறான். எழுதுங்களேன்.

ரோஸ்ஹில் வாசகி:

ஃப்ளாக் அண்ணா, பாட்டியின் நெஞ்சடிப்பை நீங்கள் எழுதிய விதம் அபாரம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயம் இருந்தால் மட்டும் நாவல் ஆகிவிடாது. அந்த ஓநாய் மனிதனால் என்ன முடியும், என்ன முடியாது, அவன் ஏன் அப்படி ஆனான், அவனை எதிர்க்கிற பிள்ளை எதை இழப்பாள்? இதற்கெல்லாம் பதில் வேண்டும். எர்த்சீயில் கெட் அகம்பாவத்தில் செத்தவர்களின் ஆவியை அழைக்கிறான், கூடவே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. முகத்தில் விழுந்த தழும்பு கடைசிவரை போவதில்லை. அந்தத் தழும்புதான் அதை நாவல் ஆக்குகிறது. தூனி மின்வியை வைத்து யாராவது அப்படி எழுதினால் முதல் பிரதி எனக்கு.

கத்ர் போர்ன் அண்ணா, சோக முடிவு என்றாலே உயர்வு என்று நான் சொல்லவில்லை. பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' முத்தொகுதியில் மூன்றாவது புத்தகம் 2000இல் வந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள்! பிரிட்டனில் விட்பிரெட் விருதுக்காரர்கள் ஆண்டின் சிறந்த புத்தகமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறுவர் நூல் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பிள்ளைகளால் தாங்க முடியாது என்று முடிவு கட்டுவது எப்போதும் பெரியவர்கள்தான்.

எச்.எஸ்.சி. மாணவி:

அக்கா, நானும் எழுதலாமா? எனக்குப் பதினேழு வயது.

என்னுடையது நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்'. நைஜீரியாவில் நடக்கிற கதை, 2011இல் வந்தது. கதாநாயகி சன்னி அல்பினோ பெண், தோலில் நிறமி இல்லாதவள், வெயிலில் நிற்க முடியாது. அமெரிக்காவில் பிறந்து ஊருக்குத் திரும்பியவள், அதனால் எந்தப் பக்கமும் சேராதவள். அந்த மாய உலகத்தில் காசு சம்பாதிக்க ஒரே வழி புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வது. உண்மையிலேயே ஒன்று புரிந்துவிட்டால் காலடியில் சிட்டிம் என்கிற உலோகக் காசுகள் வந்து விழும். பணக்கார வீட்டில் பிறந்தாலும், புரியவில்லை என்றால் விழாது.

சுயபடிப்பு நேரத்தில் கணக்கை முடித்துவிட்டு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை ஒருவர் வந்து கையிலிருந்து எடுத்தார். "பரீட்சையில் இது வருமா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சரியாகச் சன்னிக்கு முதன்முதலாகக் காசு விழுந்த பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. கற்றுக்கொள்வதைப் பற்றி நான் படித்ததிலேயே நல்ல புத்தகம் அது. அதைப் படிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு போனார். பருவ இறுதியில்தான் திரும்பக் கிடைத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், த்ரியோலே:

அம்மா, உன் ஆசிரியை செய்தது தவறு. என் வகுப்பில் ஒரு பையன் மேசைக்கு அடியில் ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனதும் அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். அதிலிருந்து நான் எந்தப் புத்தகத்தையும் பிடுங்கியதில்லை.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. முதலில் தொடர் வாங்காதீர்கள், ஒரே பாகத்தில் முடிகிற கதையாகக் கொடுங்கள். முதல் பாகம் நன்றாக இருந்து இரண்டாவது சப்பென்று போனதால் படிப்பையே விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பிரெஞ்சில் வேகமாகப் படிக்கிற பிள்ளையை ஆங்கிலத்தில் படி என்று வற்புறுத்தாதீர்கள். படித்ததை ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லட்டும், வீட்டில் தமிழ் பேசினால் தமிழில் சொல்லட்டும். கதையை இன்னொரு மொழியில் சொல்லிப் பார்க்கிற பிள்ளைக்கு அது இரட்டிப்பாக நிற்கும். மூன்றாவது, பதினாறு வயதுக்கு எழுதியதைப் பத்து வயதுக்குக் கொடுக்காதீர்கள். அட்டையில் டிராகன் இருந்தால் குழந்தைப் புத்தகம் என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே கொலையும் படுக்கையறையும் இருக்கும். நீங்கள் முதலில் ஐம்பது பக்கம் படியுங்கள். நான்காவது, பிள்ளை பாதியில் நிறுத்தினால் ஏன் என்று மட்டும் கேளுங்கள், முடிக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாவது, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தண்டனைபோல நீட்டாதீர்கள். அப்புறம், க்யூர்பிப் கார்னெகி நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது கூட்டிப் போங்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்கு உள்ளே போகத் தோன்றும்.

மாஎபூர் கரையோரன்:

ஐயா, மற்றதெல்லாம் சரி. ஐம்பது பக்கம் முன்கூட்டியே படிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சேர்ந்து வாசியுங்கள். நான் தனியாக முன்னால் படித்திருந்தால் என் மகள் கலர் பென்சில் எடுத்திருக்க மாட்டாள். "அட்டை தப்பு, கண்டுக்காதே" என்று நானே சொல்லித் தாண்டியிருப்பேன்.

எச்.எஸ்.சி. மாணவி:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. ஆனால் ஒரே பாகத்துப் புத்தகம்தான் முதலில் என்பதை ஏற்க முடியவில்லை. சன்னி என்ன ஆனாள் என்ற ஏக்கத்தில்தான் நான் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கவே பழகினேன். இரண்டாம் பாகம் வர 2017 வரை காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டாம் பாகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை டியூஷனுக்கு போர்ட் லூயி வருவேன், வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் தந்துவிடுகிறேன். 2022இல் வந்த மூன்றாவது என் தோழியிடம் இருக்கிறது. அதை இப்போது திறக்க மாட்டேன். யாரும் அதில் என்ன நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.