உலகக் கதைகளைக் குழந்தைகளுக்குத் தமிழில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?

மின்மினி:
வணக்கம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காகப் பல நாட்டு நீதிக்கதைகள், நாட்டுப்புறக் கதைகள், சிறு பாடல்களைத் தமிழில் பதிவுசெய்து வாரம் ஒன்றாக வெளியிட எண்ணம். கருவி என்றால் கைபேசியும் இயர்போனும்தான். எந்தக் கதைகளை எடுக்கலாம், உரிமைச் சிக்கல் வருமா, ஒரு கதை எத்தனை நிமிடம் போகலாம்? இன்னொன்று: புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் உயிரில்லாமல் ஒலிக்கிறது. இது குரலின் குறையா, எழுத்தின் குறையா?

ஏட்டுச்சுவடி:
உரிமை விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள். மூல ஆசிரியர் எப்போது இறந்தார் என்று மட்டும் பார்த்தால் போதாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டு உரிமை நீடிக்கும். டென்மார்க்கின் கதாசிரியர் ஆண்டர்சன் 1875-இல் இறந்தார். அவருடைய டேனிஷ் மூலம் இன்று எல்லாருக்கும் பொது. ஆனால் கடையில் கிடைக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு, மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக இருக்கும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். உரிமை தீர்ந்த பழைய பதிப்பைப் படித்துவிட்டு உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கதைத் தேர்வுக்கு ஒரு யோசனை: ஒரே கதை நாடு விட்டு நாடு போன தடத்தைப் பிடியுங்கள். இரண்டு அன்னங்கள் குச்சியைக் கவ்விப் பறக்க, நடுவில் தொங்கும் ஆமை வாயைத் திறந்து விழும் கதை பஞ்சதந்திரத்திலும் உண்டு, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலும் உண்டு. பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாகப் போய் 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவின் அரபு நூலானது. பிரான்சில் 1678-79-இல் வந்த லா ஃபோன்தேனின் தொகுப்பில் அன்னங்கள் வாத்துகளாகிவிட்டன. இரு வடிவத்தையும் அடுத்தடுத்த வாரம் போடுங்கள். என்ன மாறியது என்று குழந்தைகளே பிடித்துவிடுவார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் அகான் மக்களின் அனன்சியை விட்டுவிடாதீர்கள். வானக் கடவுளிடம் இருக்கும் கதைகளை விலைக்குக் கேட்கும் சிலந்தி அவன். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம் என ஒவ்வொன்றாகப் பிடித்து வருவதால் கேட்கும் குழந்தைக்கு வரிசை மறக்காது. தெரிந்த மிருகமாக இருக்கட்டும் என்று அவனை நரியாக்கிவிட்டால், வலையும் தந்திரமும் சேர்ந்த அந்தப் பாத்திரமே போய்விடும்.

நாரை:
உயிரில்லாமல் ஒலிப்பது எழுத்தின் குறைதான். அச்சில் “என்னையும் கூட்டிப்போங்கள்” என்றது ஆமை, என்று வரும். மேற்கோள்குறியைக் கண் பார்த்துவிடும், காது பார்க்காது. பேச்சு முடிந்த பிறகுதான் பேசியது யார் என்றே குழந்தைக்குத் தெரியும். ‘ஆமை கேட்டது’ என்று முதலில் சொல்லுங்கள், அரை நொடி விடுங்கள், பிறகு பேச்சு. ‘அது’, ‘அவை’ வரும் இடங்களில் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். ‘பறந்துகொண்டிருந்த அன்னங்கள் கவ்வியிருந்த குச்சியில் தொங்கிய ஆமை’ போன்ற தொடரை மூன்று வாக்கியமாக உடையுங்கள்.

நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் என்று கணக்கு வையுங்கள். நம் சொற்கள் நீளமானவை. 450 சொல்லில் எழுதினால் இடைவெளிகளோடு 6 நிமிடம் ஆகும். சின்னவர்களுக்கு அதுவே மேல்வரம்பு, 7-8 வயதுக்கு 10 நிமிடம் வரை போகலாம். ஒவ்வொரு மிருகத்துக்கும் குரலை மாற்றத் தேவையில்லை. மாற்றினால் பாதிக் கதையில் எந்தக் குரல் யாருடையது என்று வாசிப்பவருக்கே குழம்பும். வேகத்தை மாற்றுங்கள்: ஆமை இழுத்துப் பேசட்டும், அன்னம் வெடுக்கென்று பேசட்டும். முடிவில் ‘இதனால் அறியப்படுவது’ வேண்டவே வேண்டாம். ஆமை விழுந்ததும் கதை முடிந்தது.

ஒலிக்கட்டு:
கைபேசி போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் மோதி வெடிக்கும். துணி நிறைந்த அலமாரியின் முன்னால் அமர்வது நல்லது. மின்விசிறி இரைச்சலைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், வெற்று அறையின் எதிரொலியை எடுப்பது மிகக் கடினம்.

பேசத் தொடங்கும் முன் 10 நொடி சும்மா ஓடவிடுங்கள். இரைச்சல் நீக்க அந்த மாதிரி தேவைப்படும். உரத்த இடத்திலும் செயலியின் ஒலி அளவுகோல் −6 டெசிபலைத் தாண்டக் கூடாது. 0-வைத் தொட்டால் ஒலி நொறுங்கிவிடும், அந்த வாக்கியத்தை மறுபடி பதிவதுதான் வழி. தப்பாக வாசித்தால் நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறக்கும்போது கைதட்டல் கூராக நிற்கும், வெட்ட வேண்டிய இடம் உடனே தெரியும்.

இரைச்சல் நீக்கத்தை 6 முதல் 10 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் ஆகிவிடும். ஆமை வாயைத் திறக்கும் இடத்தில் ஒன்றரை நொடி அமைதி வேண்டும் அல்லவா? அங்கே வெறும் வெற்றிடத்தைச் செருகினால் பதிவு அறுந்துவிட்டதாகத் தோன்றும். முதலில் பதிந்த அந்த 10 நொடியிலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து ஒட்டுங்கள். கடைசியாக ஒலி அளவை −19 எல்யுஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) கொண்டுவந்து, 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக்குங்கள். 6 நிமிடக் கதை 3 எம்பிக்குள் அடங்கும். வேவ் மூலத்தை அழிக்காதீர்கள்.

மின்மினி:
மிக்க நன்றி. பாடல்களுக்கும் இதே முறைதானா? பின்னணி இசை சேர்க்கலாமா?

நாரை:
பிறமொழிப் பாடலைத் தமிழாக்கும்போது மூலத்தின் வரி இறுதி ஒலியைத் துரத்தாதீர்கள். தமிழ்க் காது அடியின் தொடக்கத்தில் எதுகை, மோனையைத் தேடும். கைதட்டிக்கொண்டே படியுங்கள், தட்டு தவறும் சீரை மாற்றுங்கள். ஹைக்கு என்ற ஜப்பானியக் குறுங்கவிதை என்றால் கவிஞர் இஸ்ஸாவிடம் (1763–1828) தொடங்கலாம். தவளை, நத்தை, குருவி என்று குழந்தைகளுக்குப் பிடித்த உயிர்கள்தான் அவரிடம் நிறைய. மூன்று வரிக்கு 5-7-5 அசை என்ற கணக்கைத் தமிழில் திணிக்க வேண்டாம். ஒருமுறை வாசித்து, 4 நொடி விட்டு, அதே வேகத்தில் மறுபடி வாசியுங்கள்.

ஒலிக்கட்டு:
இசை முன்னும் பின்னும் 5 நொடி போதும். கதைக்கு அடியில் ஓடவேண்டுமானால் குரலைவிட 18 முதல் 20 டெசிபல் தாழ்வாக, பாட்டு வரிகள் இல்லாத இசையாக இருக்கட்டும். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற உரிமத்தில் வரும் இசையைத் தவிருங்கள். பின்னாளில் விளம்பரம் சேர்க்க நினைத்தால் எல்லாப் பதிவுகளையும் மாற்ற வேண்டிவரும்.