கைல பேண்ட் கட்டினா ஊரே பழக்கம்: துனீசியா ரிசார்ட் அனுபவங்கள்

ஆகஸ்ட்ல ஸ்கூல் லீவுக்கு துனீசியா போயிட்டு வந்தோம், பர்மிங்ஹாம்ல இருந்து நானும் வீட்டுக்காரரும் பொண்ணும். ஸ்பெயின் ரேட்டப் பாத்து மிரண்டு போய்தான் அந்தப் பக்கம் திரும்பினோம், அதே மாதிரி ஆல் இன்க்ளூசிவ் (ரூம், சாப்பாடு, ஜூஸ் எல்லாம் சேத்து ஒரே காசு) துனீசியால நல்லாவே கம்மி. சூஸ்னு ஒரு ஊரு, அதுக்கு வடக்கால போர்ட் எல் கந்தாவி, டூரிஸ்டுக்காகவே கட்டின மரீனா, சுத்தி வரிசையா ஹோட்டல். ரூம், ஸ்விம்மிங் பூல் ஃபோட்டோவெல்லாம் எல்லாரும் போட்டாச்சு, அதனால நான் அங்க பாத்த மனுஷங்களப் பத்தி மட்டும் எழுதறேன்.

செக் இன் பண்ணினதும் கைல வளையம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பேண்ட் மாட்டி விடறாங்க, ஊருக்குப் போறப்ப வெட்டித்தான் எடுக்கணும். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு கலர். உள்ள சோறு போடறதும் இந்த பேண்ட்தான், வெளிய போனா நம்மளக் காட்டிக் கொடுக்கறதும் இதேதான்.

சூஸ்ல மெதினான்னு கோட்டைச் சுவருக்குள்ள பழைய ஊரு இருக்கு, 1988-லயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்தது. டாக்சில இருந்து இறங்கி நாலு எட்டு வெக்கல, ஒருத்தர் முகமெல்லாம் சிரிப்பா கைய நீட்டிக்கிட்டு வர்றாரு. என்னத் தெரியலையா, நான் உங்க ஹோட்டல்லதான் வேல பாக்கறேன், இன்னிக்கு லீவு, மார்க்கெட்டுக்கு வந்தேன்னு இங்கிலீஷ்ல சொல்றாரு, ஹோட்டல் பேரும் கரெக்டா வருது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், கைகுலுக்கி நலம் விசாரிக்க ஆரம்பிச்சிட்டாரு. உள்ள என்ன வேலன்னு கேட்டா, காலைல ஆம்லெட் போடறது நான்தான், உங்க பொண்ணுக்கே போட்டுக் கொடுத்தேனேங்கறாரு. அதுவரைக்கும் ஐஸ்க்ரீம்ல முங்கிக் கிடந்தவ நிமிந்து பாத்து, ஆம்லெட் போடறது ஒரு ஆன்ட்டியாச்சேன்னு இங்கிலீஷ்லயே கேட்டுட்டா!

அவரு அசரவே இல்ல. வாய்விட்டு சிரிச்சு, பொண்ணு தலைல தட்டிட்டு, அடுத்த சந்துல கம்பளக் கண்காட்சி, இன்னிக்குத்தான் கடைசி நாள், சும்மா பாத்துட்டுப் போங்கன்னு கைய மட்டும் காட்டிட்டு நடையக் கட்டிட்டாரு. ஹோட்டலுக்கு வந்து சொன்னப்ப ரிசப்ஷன்ல இருந்தவங்களுக்கு சிரிப்பு தாங்கல, அந்தக் கடைசி நாள் கண்காட்சி வருஷம் பூரா நடக்குமாம். மெதினாலயே அவரு போன கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் வந்தாரு, அவரு நம்ம ஹோட்டல் செக்யூரிட்டியாம். அதுக்கு மேல நான் தலைல இருந்த ஸ்க்ரஞ்சியக் கழட்டி பேண்ட் மேல மாட்டிக்கிட்டேன், வீட்டுக்காரர் வாட்ச்ச கை மாத்திக் கட்டினாரு, பழைய நண்பர்கள் வரத்து சட்டுனு நின்னு போச்சு. பயப்படற விஷயம் இல்ல இது, கடைக்குக் கூட்டிட்டுப் போனா அவருக்கு கமிஷன், அவ்ளோதான். ஆனா கடைக்குள்ள போய் ஒரு கிளாஸ் புதினா டீ வாங்கிக் குடிச்சிட்டீங்கன்னா எதுவும் வாங்காம வெளிய வர்றதுக்கு தனி தைரியம் வேணும்.

பேண்ட மறைச்சாலும் மூஞ்சிய மறைக்க முடியாதே. இண்டியா? ஷாருக் கான்! அமிதாப் பச்சன்! டாக்சிக்காரர், தேங்காய்த் துண்டு விக்கற பையன், பாஸ்போர்ட் பாத்த ஆபீசர், எல்லார் வாயிலயும் இதே பேருங்கதான். ஒரு டாக்சிக்காரர் ஹிந்திப் பாட்டு ஒண்ண முழுசா பாடிட்டு நீங்களும் பாடுங்கன்னு கண்ணாடில பாத்துக்கிட்டே இருக்காரு. எங்களுக்கு ஹிந்தி தெரியாதுன்னா நம்பவே மாட்டேங்கறாரு, இறங்கற வரைக்கும் நாங்க கூச்சப்படறோம்னுதான் நெனச்சிருப்பாரு.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, பார்ல ஜூஸ் ஊத்தற பையன் தயங்கித் தயங்கி பக்கத்துல வந்து ஒரு கை நிறைய பவுண்டு காயின், யூரோ காயின் கொட்டினான். இதுக்கு நோட்டு தர முடியுமாங்கறான். விஷயம் என்னன்னா அங்க பேங்க்ல வெளிநாட்டு காயின மாத்த முடியாது, நோட்டு மட்டும்தான். டிப்ஸ்னு நாம பெருமையா வெச்சிட்டு வர்ற காயினெல்லாம் அவங்க கைல சும்மா கெடக்குது. பத்து பவுண்டு நோட்டக் கொடுத்து மாத்திக்கிட்டோம், அடுத்த நாள் ரூம் க்ளீன் பண்றவங்க ஒரு பொட்டலத்தோட வந்துட்டாங்க. அதனால டிப்ஸ் கொடுக்கறதுன்னா அந்த ஊரு காசு தினாராவே கொடுங்க.

சாப்பாடு. வீட்டுக்காரர் சைவம், அங்கதான் ரோதனை. சாலட் எடுத்தா மேல டூனா மீன். சுட்ட மிளகாய், தக்காளி எல்லாம் சேத்து மசிச்சு மெஷூயான்னு ஒண்ணு வெக்கறாங்க, பிரமாதமா இருக்கு, அது மேலயும் டூனா. குஸ்குஸ் (ரவை மாதிரி ஒண்ண அவிச்சது) காய்கறியோடதான் இருக்கேன்னு பாத்தா கொழம்பு கறியில வெந்தது. கடைசில பிரெட்டும் ஹரிஸ்ஸாவும்தான் அவரக் காப்பாத்துச்சு, காஞ்ச மிளகாய், பூண்டு, எண்ணெய் போட்டு அரைச்சது, அத 2022-ல யுனெஸ்கோ பாரம்பரிய லிஸ்ட்ல ஏத்தியிருக்காங்க. நான் தெனமும் ப்ரிக் வரிசைலதான் நின்னேன். காகிதம் மாதிரி மெல்லிசான மாவுத்தாள விரிச்சு, கொஞ்சம் உருளைக்கிழங்கு பார்ஸ்லி வெச்சு, நடுவுல ஒரு முட்டைய உடைச்சு ஊத்தி, அது ஓடறதுக்குள்ள மடிச்சு எண்ணெய்ல நழுவ விடுவாங்க. கைலதான் திங்கணும். மஞ்சக்கரு முழங்கை வரைக்கும் வழியும், பரவால்ல.

சாயங்காலம் ஆனா மல்லிகை வரும். சரமா இல்ல, விரியாத மொட்டா பாத்து ஒவ்வொண்ணையும் காஞ்ச புல்லுக் குச்சில கோத்து, எல்லாத்தையும் சேத்து நூலால இறுக்கிக் கட்டி சின்ன கொத்தா விப்பாங்க, மஷ்மூம்னு பேரு. அங்க அது ஆம்பளைங்க காதுக்குப் பின்னாடி சொருகிக்கறது! பார்ல வேல பாக்கற ஒரு வயசானவரு தெனமும் அப்படித்தான் நிப்பாரு, நான் தலைல வெச்சதப் பாத்து அவருக்கு ஆச்சரியம், அவரு காதுல இருந்ததப் பாத்து எனக்கு ஆச்சரியம். அவருகிட்டதான் 2015 பத்தி கேட்டேன், அவரா ஆரம்பிக்கல. அந்த ஜூன் 26 அன்னிக்கு இதே கடற்கரைல துப்பாக்கிச் சூட்டுல 38 பேர் செத்தாங்க, 30 பேர் பிரிட்டிஷ்காரங்க. ஹோட்டல் ஊழியர்கள் வரிசையா கைகோத்து டூரிஸ்டுகள மறைச்சு நின்னாங்கன்னு நியூஸ்ல பாத்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆமா, அதுல தெரிஞ்ச பசங்க இருந்தாங்கன்னாரு. பிரிட்டிஷ் அரசாங்கம் 2017 ஜூலை வரைக்கும் ரொம்ப அவசியம் இல்லாம போகாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தது, அதுவரைக்கும் ஒலிவ் தோட்டத்துல கூலிக்குப் போனாராம். இப்போ எல்லா கேட்லயும் பேக் செக்கிங், காருக்கு அடில கண்ணாடி வெச்சுப் பாக்கறாங்க. எனக்கு எங்கயும் பயமா இல்ல.

---

வணக்கம், நாங்கள் பிரான்ஸ் பரிஸில இருந்து ஜெர்பாவுக்குப் போனனாங்கள், அது துனீசியாவின்ர தெற்கில இருக்கிற தீவு. "உங்கட ஹோட்டல்லதான் வேலை செய்யிறன்" கதை அங்கயும் இருக்கு, ஆனா நாங்கள் பிரெஞ்சில கதைக்கத் தொடங்க ஆள் அப்பிடியே மாறிட்டார், தன்ர தம்பி பரிசில இருக்கிறான், நீங்கள் எந்தப் பக்கம் எண்டு அரை மணித்தியாலம் கதை.

மனுசிக்கு பஃபே மீன் பிடிக்கேல்லை, ஐஸில கிடந்த மீன் எண்டு முகத்தைச் சுழிச்சா. சரியெண்டு ஹூம்த் சூக் எண்ட ஊரில இருக்கிற சந்தைக்குப் போனம். அங்க மீன் ஏலம் கட்டாயம் பாருங்கோ, ஏலம் கூறுறவர் உயரமான கதிரையில ஏறி இருந்துகொண்டு, கோர்வையாக் கட்டின மீனைத் தூக்கிப் பிடிச்சுக் கத்துறார், மனுசி ஊருக்குப் போன சந்தோசத்தில நிண்டா. வாங்கி என்ன செய்யிறது, ஹோட்டல்ல அடுப்பில்லையே எண்டு நான் சொல்ல, பக்கத்தில நிண்ட ஐயா ஒருத்தர் எதிர்க்கடையைக் காட்டினார், குடுத்தாச் சுட்டுத் தருவினமாம். தந்தவை. அந்த ஒரு சாப்பாட்டுக்கு முன்னால முழுக் கிழமை பஃபேயும் ஒண்டுமில்லை. கரையில மண் குடங்கள் அடுக்கிக் கிடந்தது, பூச்சாடி எண்டு நினைச்சம், ஒக்டோபஸ் பிடிக்கவாம். கயிறு கட்டிக் கடலுக்க விட்டா அது பொந்தெண்டு நினைச்சு உள்ளுக்க போய்ப் படுத்திடும்.

---

எல்லாரும் ஊரச் சுத்தினதையே எழுதறீங்க. நாங்க மொனாஸ்டிர் பக்கம் ஒரு ஹோட்டல்ல இருந்தோம், ஒரு நாள் ட்ரெயின் புடிச்சு துனீசியாவோட மொதல் ஜனாதிபதி புர்கிபா சமாதி பாத்ததோட சரி, மிச்ச நாள் பூரா பூல் பக்கத்துல படுத்தேதான் கெடந்தேன், அதுக்குத்தான காசு கட்டினது. நான் சந்திச்ச ஒரே ஆளு தெனமும் விடியக்காலைல வந்து பூல் பக்கத்து சாய்வு பெட் நாலுல டவல் போட்டு இடம் புடிச்சுட்டு மறுபடியும் தூங்கப் போற ஒரு பெரியவர்தான். ஒரு நாள் அவருக்கு முன்னாடி நான் போய் போட்டேன், அன்னிக்கு முழுக்க என்ன மொறச்சுக்கிட்டே இருந்தாரு. ஆமா, காசு எவ்ளோ மாத்தலாம்னு யாராவது சொல்லுங்க, எனக்கு நிறைய மிஞ்சிப் போச்சு.

---

டவல் பெரியவர் எங்க ஹோட்டல்லயும் இருந்தாரு, ஒருவேள அதே ஆளா இருக்கும் :)

காசு விஷயம்: தினார் வெளிய கிடைக்காது, உள்ள போய்தான் மாத்தணும், வெளிய எடுத்துட்டு வரவும் கூடாது. நாங்க போனப்ப ஒரு பவுண்டுக்கு கிட்டத்தட்ட 4 தினார். கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, மாத்தின ரசீதப் பத்திரமா வைங்க, மிச்சத்த ஏர்போர்ட்ல திருப்பி மாத்த அதக் கேப்பாங்க. ரிசப்ஷன்ல ஹோட்டல் டாக்ஸ் தனியா கட்டணும், பேக்கேஜ்ல இல்ல. இன்னொண்ணு, ஏர்போர்ட்ல செக்யூரிட்டி தாண்டி உள்ள போயிட்டா கடைல தினார் வாங்க மாட்டாங்க, யூரோதான். அதனால கைல மிஞ்சற சில்லறைக்கு வெளியவே ஹரிஸ்ஸா டின் வாங்கி செக் இன் பேக்ல போட்ருங்க, ஹேண்ட் லக்கேஜ்ல வெச்சா புடுங்கிடுவாங்க.