உதவித்தொகை என்றாலே "யார் வாங்குகிறார்கள்" என்ற கேள்வி ஏன் முதலில் வருகிறது?

தூக்கணாங்குருவி கேட்டது:

சண்டை மூட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல மனசுக்காரர்கள், யாருக்காவது கஷ்டம் என்றால் முதலில் பர்ஸைத் திறப்பவர்கள். ஆனால் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், "நம்ம வரிப்பணத்துல உட்கார்ந்து திங்கிறானுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, முதியோர் ஓய்வூதியத்தைக் குறைத்துவிடலாமா என்று அதே ஆட்களிடம் கேட்டால், "சேச்சே, பாவம் வயசானவங்க" என்கிறார்கள். வளர்ந்த நாடுகளை எடுத்துக்கொண்டால், வேலையில்லாதோருக்குப் போவதைப்போலப் பல மடங்கு பணம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஆக, கோபம் தொகையைப் பார்த்து வரவில்லை. அப்படியானால் எதைப் பார்த்து வருகிறது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இப்படிக் கோபப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்த அரசாங்கங்கள் சோதனை மேல் சோதனை வைக்கின்றனவே, அதனால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா, இல்லை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவதே மேலா? பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், கட்சி அரசியல் வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்:

முதல் கேள்விக்கு விம் வான் ஊர்ஸ்காட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 2000-லேயே ஒரு பட்டியல் போட்டுவிட்டார். ஒருத்தருக்கு உதவி தகுமா என்று முடிவு செய்யும்போது மக்கள் மனசுக்குள் ஐந்து விஷயங்களை எடைபோடுகிறார்களாம்: இந்த நிலைமைக்கு அவரே காரணமா, வாங்கும்போது நன்றியோடு நடந்துகொள்கிறாரா, இதுவரை அவர் தன் பங்குக்கு எதையாவது கொடுத்திருக்கிறாரா, நம்ம ஆளா, நிஜமாகவே எவ்வளவு தேவை. வயதாவது யாருடைய தப்பும் இல்லை, காலமெல்லாம் உழைத்தவர்கள் வேறு, நாளைக்கு நாமும் அங்கேதான் போய் நிற்கப்போகிறோம், அதனால் முதியவர்கள் எல்லாவற்றிலும் பாஸ். ஐரோப்பிய நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது முதியோர், அடுத்து நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும், அப்புறம் வேலையில்லாதோர், கடைசியில் குடியேறி வந்தவர்கள் என்ற வரிசை நாட்டுக்கு நாடு பெரிதாக மாறவே இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2014-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இரண்டு பேர் வெளியிட்ட ஒரு சோதனை. அரசு உதவி வாங்கும் ஒருவரைப் பற்றி டென்மார்க்காரர்களிடமும் அமெரிக்கர்களிடமும் கேட்டார்கள். விவரம் எதுவும் சொல்லாதபோது டென்மார்க்காரர்கள் தாராளமாகவும் அமெரிக்கர்கள் கறாராகவும் பதில் சொன்னார்கள், நாம் எதிர்பார்ப்பதுபோலவே. ஆனால் "இவர் எப்போதும் வேலையில் இருந்தவர், இப்போது அடிபட்டுக் கிடக்கிறார், திரும்பப் போகத் துடிக்கிறார்" என்றோ, "உடம்பு நன்றாக இருக்கிறது, நிலையான வேலை பார்த்ததே இல்லை, தேடுகிற ஆர்வமும் இல்லை" என்றோ இரண்டே வரி சேர்த்ததும் இரண்டு நாட்டு வித்தியாசமும் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. மனசு எல்லா இடத்திலும் ஒன்றுதான், விவரம் தெரியாதபோது எந்த முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் முன்னோர் சொன்னபோது, பாத்திரம் இடுகிறவன் கண்ணெதிரே இருந்தது. அரசு உதவி விஷயத்தில் அது தலைப்புச் செய்தி வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்:

உதவித்தொகை விண்ணப்பம் வாங்குகிற ஓர் அலுவலகத்தில் சில வருஷம் இருந்தவன் நான். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

ஏமாற்றுகிறவன் வருவானா என்றால் வருவான், ஆனால் அவன் காகிதத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. நகல், கையெழுத்து, முத்திரை எல்லாம் வரிசையாகக் கிளிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவான். திரும்பிப் போகிறவர்கள் யார் தெரியுமா? கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று இரண்டு சான்றிதழ்களில் இரண்டு பெயர் உள்ள பெண்கள், கூலியைக் கையில் வாங்குவதால் வருமானத்துக்கு ஒரு சீட்டும் காட்ட முடியாதவர்கள், அப்புறம் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறவர்கள்.

விண்ணப்பத்தில் "வேலையை விட்ட காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு, பெருவிரலை வைத்தால் மறைந்துவிடும். ஒருவர் அதில், படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்பதை எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் ஓரத்தில் மேலே ஏறி, பின்பக்கத்துக்குப் போய் முடித்திருந்தார். கணினியில் ஏற்றும்போது என் முன்னால் இருந்தது "தானாக விலகினார்", "நீக்கப்பட்டார்" என்ற இரண்டே இரண்டு. முதலாவதைத் தட்டினால் மறுப்புக் கடிதம் தானே அச்சாகி வந்துவிடும். பின்பக்கத்தை எந்த மேலதிகாரியும் புரட்டப்போவதில்லை.

இதெல்லாம் ஜன்னல் வரை வந்தவர்கள் கதை. தகுதி இருந்தும் வராதவர்கள் எத்தனையோ. அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமே என்ற கூச்சமே பாதிப் பேரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும். தகுதியில்லாதவன் ஒருத்தன் வாங்கினால் அது செய்தி, தகுதியிருந்தும் வாங்காதவர் எந்தச் செய்தியிலும் வரமாட்டார்.

வரிகட்டி:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன். கொடுக்கிறவன் கேள்வி கேட்பதை ஏதோ மனக்கோளாறு மாதிரி விளக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓய்வூதியத்தின்மேல் மக்களுக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. 1889-ல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி அதைச் சட்டமாக்கியபோதே தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் தங்கள் பங்கைக் கட்டுவது, மேலே அரசு கொஞ்சம் போடுவது என்றுதான் அமைத்தார்கள். நான் கட்டினேன், நான் வாங்குகிறேன் என்று சொல்ல முடிவது பெரிய விஷயம்.

இன்னொன்று, கோபப்படுகிறவன் யார் என்று பாருங்கள். பணக்காரனுக்கு இதில் பெரிய அக்கறை கிடையாது. தகுதிக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே இருக்கிறானே, அவனுக்குத்தான் எரிகிறது. விடிகாலையில் எழுந்து ஓடுகிறான், மாசக் கடைசியில் அவன் கையிலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை, ஆனால் அவனுக்கு எதுவும் கிடையாது. அவனைக் கொடுமைக்காரன் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம்.

அப்புறம் உதவியைக் கழிக்கிற முறை. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் (வேலையில்லாதோருக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தரும் மாத உதவி) வாங்குகிற ஒருவர் விலக்கு வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்தால் உதவியில் 55 பென்ஸ் கழிந்துவிடும், 2021 டிசம்பருக்கு முன்னால் 63 பென்ஸ். வேலைக்குப் போவதற்கு ஆகும் செலவு தனி. கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்துப் பாதிக்கும் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால் நானாக இருந்தாலும் யோசிப்பேன். அதனால் மக்கள் சந்தேகப்படுவதில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

வரிகட்டி, கோட்டுக்கு மேலே இருப்பவனின் எரிச்சலைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. அதற்கு இங்கிலாந்து 1834-லேயே ஒரு வைத்தியம் பார்த்தது: உதவி வாங்குகிறவன் நிலைமை வெளியே உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் நிலைமையைவிட மோசமாகத்தான் இருக்கவேண்டும் என்று கொள்கையாகவே வைத்தார்கள். உதவி வேண்டுமா, ஏழைகள் விடுதிக்குள் வா, புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கூலியாளின் கூலி இதனால் ஏறியதாகத் தெளிவான ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

சந்தேகத்துக்கு நியாயம் உண்டுதான், அளவுதான் கேள்வி. 2013-ல் பிரிட்டனில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். அரசு உதவியாகப் போகும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 24 பவுண்டு மோசடியில் போகிறது என்று மக்கள் நினைத்தார்கள். அரசின் சொந்த மதிப்பீடு 70 பென்ஸ்! அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் 2011-ல் உதவி கேட்டு வருகிறவர்கள் போதைப்பொருள் சோதனைக்கு உட்படவேண்டும் என்று சட்டம் போட்டது. நீதிமன்றம் தலையிட்டு நிறுத்துவதற்குள் சோதித்தது 4,086 பேரை, மாட்டியது 108 பேர். தேறியவர்கள் எல்லோருக்கும் சோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் மிச்சம் பிடித்ததைவிடச் செலவுதான் கூடுதல். காசு கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்கிறார்களே, ஆறு வளரும் நாடுகளில் ஏழைகளுக்குக் காசு கொடுத்துப் பார்த்த ஏழு சோதனைத் திட்டங்களின் தரவுகளைப் பொருளியல் ஆய்வாளர் அபிஜித் பானர்ஜியும் கூட இருந்தவர்களும் அலசிப் பார்த்தார்கள், உழைப்பு குறைந்ததாகத் தெளிவான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இதைவிட மோசம் ஆஸ்திரேலியாவின் ரோபோடெட், அதாவது உதவி வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கணினியே கணக்குப் போட்டுக் கடன் விதித்த திட்டம். அது எப்படி ஓடியது என்று பாருங்கள். வரித்துறையிடம் உள்ள ஒருவரின் வருஷ வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் அவ்வளவு சம்பாதித்தார் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாசம் வேலை பார்த்து, அடுத்த ஆறு மாசம் வேலை இல்லாமல் நேர்மையாக உதவி வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி வேலையில்லாத மாசங்களிலும் அவருக்கு வருமானம்! உடனே "கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று கடிதம் போகும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு, பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடவேண்டும். 2020-ல் சுமார் 4,70,000 கடன்களுக்கு 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசே அறிவிக்க வேண்டிவந்தது. அந்தத் திட்டம் நியாயமானதும் இல்லை, சட்டப்படியானதும் இல்லை என்று 2023-ல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது.

கடைசியாக, நாம் யாருமே "வாங்குகிறவர்கள்" இல்லை என்ற நினைப்பு. சூசன் மெட்லர் என்ற அரசியல் ஆய்வாளர் 2008-ல் அமெரிக்கர்களிடம் எடுத்த கணிப்பில், வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை வாங்குகிறவர்களில் 60 சதவீதம் பேர் தாங்கள் எந்த அரசு உதவித் திட்டத்தையும் பயன்படுத்தியதே இல்லை என்றார்கள். கஜானாவிலிருந்து கையில் கொடுத்தால் இலவசம், கஜானாவுக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்தால் உரிமை.

தூக்கணாங்குருவி:

என் அலுவலகத்து ஆட்களில் பாதிப் பேர் அந்த 60 சதவீதத்தில்தான் வருவார்கள், இதை நாளைக்குச் சொன்னால் அடிவிழும். சரி, என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறதே. எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா?

ஏட்டுச்சுரைக்காய்:

கோர்பி, பால்மே என்ற ஸ்வீடன்காரர்கள் 1998-ல் சொன்னது: ஏழைக்கு மட்டும் என்று குறிவைக்கிற நாடுகளைவிட எல்லோரையும் உள்ளே சேர்க்கிற நாடுகளில்தான் ஏழ்மை அதிகமாகக் குறைந்தது. நடுத்தர மக்களுக்கும் பங்கு இருந்தால் அவர்களே அந்தத் திட்டத்துக்குக் காவல். ஆனால் பிற்காலத் தரவுகளை வைத்துப் பார்த்தவர்கள் அந்தத் தொடர்பு பழையபடி வலுவாக இல்லை என்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது.

வரிகட்டி:

அதுதான் நானும் சொல்ல வந்தேன், எல்லோருக்கும் கொடுப்பது மந்திரம் இல்லை, வரியை ஏற்ற வேண்டும் அல்லது தொகையைக் குறைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் எல்லோருக்குமே கொடுங்கள், எனக்குத் தகராறே இல்லை. வேலை செய்கிற வயசில் இருப்பவரிடம் நான் கேள்வி கேட்கத்தான் செய்வேன், ரோபோடெட் கதையைப் படித்த பிறகும் கேட்பேன். ஆனால் கேட்பது ஓர் ஆளாக இருக்கட்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் வரட்டும், மேல்முறையீடு முடியும்வரை பணத்தை நிறுத்தக்கூடாது. ஜன்னல்காரர் சொன்ன அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தைப் படிக்க நாலு பேரைக் கூடுதலாகப் போடட்டும், அந்தச் சம்பளத்துக்கு என் வரியில் எடுத்துக்கொள்ளட்டும்.