டெல்டாவின் வறுமையை எந்த மரக்காலால் அளப்பது?

கடைமடைக்காரன் (தலைஞாயிறு)
நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம். இதைக் காட்டி நேற்று ஒரு நண்பர் "டெல்டாவில் வறுமை ஒழிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். அதற்காகத்தான் இந்த இழை.

அந்தக் குறியீடு பார்ப்பது 12 விஷயங்களை. ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு, இப்படி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இருக்கிறது, பாஸ்புக் இருக்கிறது. சிலிண்டரும் இருக்கிறது. மாதக் கடைசியில் அது காலியாக மூலையில் நிற்கும், கொல்லையில் கருவமுள் எரியும். வருமானம் எவ்வளவு என்று ஒரு கேள்விகூட அதில் கிடையாது.

புள்ளி (கும்பகோணம்)
அண்ணே, ஒரு திருத்தம். சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்பதில்லை, பெரும்பாலும் எதில் சமைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். முள் எரித்தால் அது கணக்கில் வரும்.

வருமானத்தைக் கேட்காததற்கும் காரணம் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்? பொய் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. போகத்துக்குப் போகம் வரும் பணத்தை மாதத்தில் எப்படிச் சொல்வது? அதனால்தான் தேசிய மாதிரி ஆய்வில் செலவைக் கேட்கிறார்கள். 2022-23இல் ஊரகத் தமிழ்நாட்டில் ஆளுக்கு மாதம் 5,310 ரூபாய், ஊரக இந்தியாவில் 3,773. நாம் முன்னால் இருக்கிறோம் என்பது பொய்யில்லை.

கடைமடைக்காரன்
ஊரகத் தமிழ்நாடு என்பது ஒரே ஊரா, தங்கச்சி? கல்லணை பக்கத்து வாழைத்தோட்டக்காரரையும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் ஊரையும் கூட்டி வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணில் வாழ்கிற குடும்பம் ஒன்றுகூட இருக்காது.

செலவு என்கிறீர்கள். பக்கத்து வீட்டு அக்கா குழுக் கடன் வாங்கி மகள் பிரசவத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. கடன் வாங்கிச் செலவழித்தவர் உங்கள் கணக்கில் வசதியானவராகத்தானே தெரிவார்?

புள்ளி
ஆஸ்பத்திரிச் செலவை ஒரு வருடக் கணக்காகக் கேட்டுப் பரப்பிவிடுகிறார்கள், அதனால் ஒரே மாதத்தில் வீங்காது. ஆனால் கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. செலவு எங்கிருந்து வந்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

தென்னந்தோப்பு (பேராவூரணி)
நிலத்தை வைத்து அளப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்தது மூன்று அளவுகோல்: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். எனக்குப் பட்டாவில் 6 ஏக்கர் நஞ்சை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்துபோன பிறகு தோப்பில் நின்றவை எத்தனை மரம் என்று விரல்விட்டு எண்ணினேன். புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அத்தனை வருடமும் பட்டாவில் நான் பெரிய விவசாயி.

கடைமடைக்காரன்
அண்ணே, உங்கள் இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மரம் விழுந்தாலும் நிலம் உங்களுடையது. அடமானம் வைக்கலாம், கூட்டுறவில் கடன் வாங்கலாம். எங்கள் தெருவில் அடமானம் வைக்கக் காது தோடுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே வறுமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தென்னந்தோப்பு
ஒரே வறுமை என்று நானும் சொல்லவில்லை தம்பி. ஏக்கரை வைத்து வருமானத்தை ஊகிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நீடாமங்கலத்தான்
நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா 2 ஏக்கர் வாய்வார்த்தைக் குத்தகைக்குச் செய்கிறார். அவருடைய கோடு போட்ட நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2024-25 சம்பா, ஏக்கருக்கு 35 மூட்டை கண்டது. மூட்டை 60 கிலோ, ஆக 21 குவிண்டால். சன்னரகத்துக்குக் கொள்முதல் விலை 2,450. மொத்தம் 51,450 ரூபாய். குத்தகை 10 மூட்டை போனால் மிச்சம் 36,750. உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை மெஷின் எல்லாம் சேர்ந்து 27,000. கையில் நிற்பது 9,750. இரண்டு ஏக்கருக்கு 19,500. ஐந்து மாதத்துக்கு அவ்வளவுதான். அப்பா, அம்மா கைவேலைக்குக் கூலி போடவில்லை.

இனிதான் விஷயம். சிட்டா நிலக்காரர் பேரில் இருக்கிறது. அதனால் கொள்முதல் நிலையத்தில் நெல் அவர் பேரில் போடப்படுகிறது, பணம் அவர் வங்கிக் கணக்கில் ஏறுகிறது, பிறகு எங்கள் கைக்கு வருகிறது. கணக்குப்படி நெல் விற்றவர் சென்னையில் இருக்கும் அவர். அப்பா நெல்லே விற்காதவர். நாளைக்கு யாராவது இந்த ஏடுகளை வைத்து ஊர்வாரியாக வருமானம் கணக்கிட்டால் எங்கள் வருமானமும் அவர் வீட்டில்தான் போய்ச் சேரும். பயிர் போனால் நிவாரணமும் முதலில் அங்கேதான் போகும்.

புள்ளி
இதை நான் யோசித்ததே இல்லை. பதிவேடுகளை இணைத்தால் துல்லியம் வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். டெல்டாவில் பதிவேடே வேறு ஆள் பேரில் இருக்கிறது.

மாதிரி ஆய்விலும் ஒரு சிக்கல் உண்டு. 2022-23 செலவு ஆய்வில் தேர்ந்தெடுத்த ஒரு ஊருக்கு 18 வீடுகள்தான். மாநிலத்துக்கு அது போதும், தாலுகாவுக்குப் போதாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிறுபகுதி மதிப்பீடு என்ற முறை. ஆய்வில் செலவுக்கும் கூரை, படிப்பு, வேலை போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மேல் ஏற்றி ஊர்வாரியாக மதிப்பிடுவது. ஆனால் நம் கையில் இருக்கும் முழுக் கணக்கெடுப்பு 2011இனுடையது. மயிலாடுதுறை தனி மாவட்டமானதே 2020 டிசம்பரில்தான், அந்தக் கணக்கெடுப்பில் அப்படி ஒரு மாவட்டமே இல்லை.

ஓய்வு ஆசிரியர் (கீழ்வேளூர்)
எங்கள் தாலுகா பாலக்குறிச்சியில் 1916 வாக்கிலேயே சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்து ஆய்வு செய்தார். நூறு வருடம் கழித்து 2019இல் அதே ஊரையும் வெண்மணியையும் சேர்த்து ஆய்வாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். பயிர், கூலி, ஆடு மாடு, வெளியூரிலிருந்து வரும் பணம் என்று தனித்தனியாகக் கேட்டால் மக்கள் சொல்கிறார்கள், பிள்ளைகளே. "மொத்தம் எவ்வளவு" என்றால்தான் திணறுகிறார்கள். வருமானத்தை அளக்கவே முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

புள்ளி
ஐயா, இரண்டு ஊரில் முடியும். டெல்டா முழுக்க முடியுமா? ஆளும் பணமும் வேண்டும்.

ஓய்வு ஆசிரியர்
புதுவாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஊரே கூடி ஏழைகளின் பட்டியலைத் தயாரித்ததை மறந்துவிட்டீர்களா? அதில் ரூபாய்க் கணக்கு கிடையாது. ஆனால் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்று ஊருக்குத் தெரியும்.

கடைமடைக்காரன்
ஊருக்குத் தெரியும், சரி. ஊர் என்பது யார், ஐயா? எங்கள் ஊர்க் கூட்டத்தில் தெற்குத் தெருப் பெண்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பட்டியலை ஊர் போடட்டும், கேள்வியை வெளியாள் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும்.

நீடாமங்கலத்தான்
யார் கேட்டாலும் "உங்கள் பேரில் நிலம் உண்டா" என்று கேட்காதீர்கள். "யார் நிலத்தில் பயிர் செய்கிறீர்கள், நெல் பணம் யார் கணக்கில் ஏறுகிறது" என்று கேளுங்கள்.

புள்ளி
குறித்துக்கொண்டேன். கடைமடை அண்ணே, உங்கள் தெருவில் எத்தனை வீடு?

கடைமடைக்காரன்
நாற்பத்திரண்டு. நான்கு பூட்டிக் கிடக்கின்றன, திருப்பூர் போய்விட்டார்கள்.

புள்ளி
பூட்டிய வீட்டையும் விடக்கூடாது, போன் நம்பர் வாங்கி வையுங்கள். ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி தனித்தனிக் கேள்வியாக எழுதி அனுப்புகிறேன். எந்த மாதம் போவது நல்லது?

கடைமடைக்காரன்
மாசியில் வந்தால் எல்லா வீட்டிலும் நெல் இருக்கும். ஐப்பசி மழையில் வந்தால் வேலையும் இருக்காது, அடுப்பும் நனைந்து கிடக்கும். இரண்டு தடவையும் வாருங்கள்.